வீடு காலியாகத்தான் இருக்கிறது

(சென்னையில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் என் தலைப்பை 'நகர ஆணையங்களும் குடிமை உரிமையும்' என்று போட்டிருக்கிறார்கள். அதைப் படித்த பிறகும் இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள் என்றால் வெளியே மழை பெய்கிறது என்று அர்த்தம். பயப்படாதீர்கள், ஒரு வீட்டுத் தரகரிடமிருந்துதான் தொடங்கப்போகிறேன்.

பல வருடங்களுக்கு முன்னால் இந்த ஊரில் வாடகைக்கு வீடு தேடி அலைந்துகொண்டிருந்தேன். தரகர் நல்ல மனிதர். தன் ஸ்கூட்டரிலேயே பின்னால் உட்காரவைத்து நான்கு வீடு காட்டினார். நான்காவது பிடித்துப்போயிற்று. பின்பக்கம் கிணறு, அதையொட்டி ஒரு முருங்கை. அட்வான்ஸ் எவ்வளவு, தண்ணீர் எப்போது வரும், கரண்ட் பில் தனியா என்றெல்லாம் பேசி முடித்தாயிற்று. எழுந்திருக்கும்போது வீட்டுக்காரர் கேட்டார்: "சாருக்கு எந்த ஊர்?" சொன்னேன். "ஊர்ல எந்தப் பக்கம்?" சொன்னேன். "எந்தத் தெரு?" அதையும் சொன்னேன். மறுநாள் காலையில் தரகர் போன் செய்தார். "சார், அந்த வீட்ட அவங்க மச்சானுக்கே குடுக்கறதா முடிவு பண்ணிட்டாங்களாம்." மூன்று மாதம் கழித்து அந்தத் தெரு வழியாகப் போனேன். கேட்டில் 'டு லெட்' பலகை அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

மூன்று கேள்விகள். மூன்றிலும் சாதி என்ற சொல் கிடையாது. எனக்குக் கோபம் வந்தது, மறுக்கவில்லை. ஆனால் கோபத்தைவிடக் குழப்பம்தான் அதிகம். இதை யாரிடம் போய்ச் சொல்வது? ரேஷன் அட்டைக்கு ஓர் அலுவலகம் இருக்கிறது, சொத்து வரிக்கு இருக்கிறது, கொசு மருந்து அடிக்க இருக்கிறது. இதற்கு? நண்பர் ஒருவர் தோளில் தட்டிச் சொன்னார்: "விடுப்பா, ஊர்ல வேற வீடா இல்ல?" இருந்தது. குடிபோனேன். கேள்வி மட்டும் காலி செய்யவில்லை.

அந்தக் கேள்வியோடு நான் படிக்கப் போனது அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் இருக்கும் சியாட்டில் நகரத்தின் கதையை. நம் வீட்டுப் பிள்ளைகள் மைக்ரோசாஃப்டிலும் அமேசானிலும் வேலை பார்க்கிற பகுதி. ஏன் அந்த ஊர் என்பது போகப்போகத் தெரியும்.

இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் சியாட்டிலின் பல பகுதிகளில் மனை வாங்கினால் பத்திரத்தில் ஒரு வரி இருக்கும். இந்த வீட்டை வெள்ளையர் அல்லாத எவருக்கும் விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது. அப்படிப்பட்டவர் இங்கே குடியிருக்கவும் கூடாது. பல பத்திரங்களில் ஒரு விதிவிலக்கும் உண்டு: வீட்டு வேலைக்காரராக இருந்தால் தங்கலாம். நிபந்தனை மனையோடு ஒட்டிக்கொண்டது. வாங்கியவர் விற்றாலும் அடுத்தவரையும் அது கட்டும். விமானக் கம்பெனி தொடங்கிய வில்லியம் போயிங் நகருக்கு வடக்கே மனைப்பிரிவுகள் போட்டு விற்றபோது அவற்றின் பத்திரங்களிலும் இந்த வரி இருந்தது. தடுக்கப்பட்டவர்கள் பட்டியலில் கறுப்பர்கள் முதலில். யூதர்கள் சிலவற்றில். 'ஆசிய இனத்தவர்' ஏராளமானவற்றில். இன்றைக்கு அந்தப் பகுதியில் வீடு வாங்கி, நம்மைக் கிரகப்பிரவேசத்துக்கு வாட்ஸப்பில் அழைக்கிற நம் ஊர்ப் பொறியாளர், அன்றைய பத்திரப்படி சமையல்காரராக மட்டுமே அந்த வீட்டில் தங்கியிருக்க முடியும்.

விலக்குவது பத்திரத்தோடு மட்டும் நின்றதில்லை. சியாட்டிலுக்கு வடக்கே, கனடா எல்லைக்குப் பக்கத்தில் பெல்லிங்காம் என்று ஓர் ஊர். 1907 செப்டம்பரில் அங்கே மர ஆலைகளில் வேலை பார்த்த இந்தியர்களை வெள்ளைக்காரக் கும்பல் அடித்து விரட்டியது. பெரும்பாலும் சீக்கியர்கள், ஆனால் எல்லோரையும் 'இந்து' என்றுதான் அழைத்தார்கள். சில நாட்களுக்குள் அந்த ஊரில் ஓர் இந்தியர்கூட மிச்சமில்லை. விரட்டியவர்கள் யாரும் யாருடைய தெருவையும் விசாரிக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்தப் பத்திர நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்றது. நிபந்தனை செத்தது, வழக்கம் சாகவில்லை. வங்கிகள் கடன் தர மறுத்தன, தரகர்கள் வீடு காட்ட மறுத்தார்கள், வீட்டுக்காரர்களுக்கு ஆளுக்கொரு மச்சான் இருந்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போயிங் ஆலை வேலைக்கு வந்து சேர்ந்த கறுப்பர்களும் அவர்கள் பிள்ளைகளும் சென்ட்ரல் டிஸ்ட்ரிக்ட் என்ற ஒரே பகுதியில் நெருக்கியடித்துக்கொண்டு இருக்க நேர்ந்தது. சம்பளம் இருந்தது, சேமிப்பு இருந்தது, நகரமெங்கும் காலி வீடும் இருந்தது.

1963 ஜூலை முதல் தேதி. போதகர்கள் முன்னால் நடக்க, நானூறு பேரளவில் நகராட்சிக் கட்டடத்துக்கு ஊர்வலம் வந்தார்கள். அவர்களில் இளைஞர்கள் சிலர் மேயர் கார்டன் கிளின்டனின் அலுவலகத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஏறக்குறைய ஒரு பகல், ஒரு இரவு. அந்த மாதமே நகர மன்றம் மனித உரிமை ஆணையம் ஒன்றை அமைத்தது. உறுப்பினர்களில் கறுப்பர்கள் போதாது என்று உடனே இன்னொரு மறியல் வந்தது வேறு கதை.

அந்த ஆணையத்தின் கையில் என்ன கொடுத்தார்கள் தெரியுமா? ஒரு பேனா. அபராதம் போட அதிகாரம் இல்லை, ஆளைக் கூப்பிட்டு விசாரிக்கும் பலம் இல்லை. வீட்டு விஷயத்தில் நிறம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டத்துக்கு வரைவு எழுதிக் கொடு என்றார்கள். எழுதிக் கொடுத்தது. நகர மன்றத்துக்கு அதை நிறைவேற்றத் தைரியம் இல்லை, நிராகரிக்கவும் தைரியம் இல்லை. இரண்டும் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? "மக்களே முடிவு செய்யட்டும்" என்றார்கள். கேட்க எவ்வளவு ஜனநாயகமாக இருக்கிறது!

1964 மார்ச் 10ஆம் தேதி வாக்கெடுப்பு. ஆதரித்தவர்கள் 'திறந்த வீடு' என்றார்கள். மனை வணிகர்களும் அடுக்ககச் சொந்தக்காரர்களும் அதையே 'கட்டாய வீடு' என்று பெயர் மாற்றிப் பிரசாரம் செய்தார்கள். இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கைவிட மோசமாகச் சட்டம் தோற்றது. அதே நாளில் சட்டத்தை எதிர்த்தவரே மேயராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். ஏனென்றால் ஆணையம் எதற்கு என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் இந்தத் தோல்வியில்தான் இருக்கிறது. நூறு பேர் இருக்கிற தெருவில் ஐந்து பேருக்கு வீடு தரலாமா என்று நூறு பேரையும் கேட்டால் என்ன பதில் வரும்? அந்த ஐந்து பேர் அந்தத் தெருவில் வாக்காளர்களாகக் கூட இல்லை. அவர்களைத்தான் உள்ளே விடவில்லையே! குழாய் எங்கே போடலாம், பூங்கா எங்கே வைக்கலாம் என்பதற்கு வாக்கு சரி. பக்கத்து வீட்டுக்காரன் குடியிருக்கலாமா என்பதற்கு வாக்கு சரிப்படாது. வாக்கில் தோற்றவர் தோற்ற மறுநாள் காலையில் போய் நிற்க ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தின் பெயர்தான் ஆணையம்.

தோற்றுப்போன அந்தச் சட்டத்துக்காக நகர மன்றத்துக்குள்ளேயிருந்து ஓயாமல் பேசியவர் விங் லூக். சீனாவில் பிறந்து, சிறுவனாக சியாட்டிலுக்கு வந்தவர். மாநில அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் குடிமை உரிமைப் பிரிவில் இருந்துவிட்டு, 1962இல் நகர மன்றத்துக்குத் தேர்வானார். அந்த மாநிலத்தில் தேர்தலில் வென்று பதவிக்கு வந்த முதல் ஆசிய அமெரிக்கர். 1965 மே மாதம் அவர் சென்ற சிறிய விமானம் மலைப்பகுதியில் காணாமல் போயிற்று. சிதைவுகள் கிடைக்க மூன்று வருடம் ஆயிற்று. அந்த மூன்று வருடத்துக்குள் சட்டமும் வந்துவிட்டது.

எப்படி வந்தது? 1967இல் சாம் ஸ்மித் நகர மன்றத்தின் முதல் கறுப்பின உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1968 ஏப்ரல் 4ஆம் தேதி மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். பதினைந்தே நாளில், ஏப்ரல் 19ஆம் தேதி, நான்கு வருடம் முன்பு இரண்டு மடங்கு வாக்கில் தோற்ற அதே சட்டத்தை சியாட்டில் நகர மன்றம் ஒருமனதாக நிறைவேற்றியது. இந்த முறை யாரும் மக்களைக் கேட்கவில்லை. வெட்கம் ஒரு நகரத்தை எவ்வளவு வேகமாக ஓடவைக்கும் என்பதற்கு இது ஒரு கணக்கு. நான் இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. ஒரு மனிதர் பால்கனியில் விழுந்து சாக வேண்டியிருந்தது.

சட்டம் வந்த பிறகுதான் பேனாவுக்குக் கை முளைத்தது. அடுத்த ஆண்டே நகராட்சியில் இதற்கென்று தனித்துறை. இன்று அதன் பெயர் சியாட்டில் குடிமை உரிமை அலுவலகம். மனித உரிமை ஆணையம் தன்னார்வலர்கள் கொண்ட ஆலோசனைக் குழுவாகத் தொடர்கிறது. கேள்வி கேட்பது ஆணையம், புகாரை விசாரிப்பது அலுவலகம். வாயும் கையும் தனித்தனியாக இருப்பதில் ஒரு வசதி உண்டு: கை அசையாதபோது வாய் சத்தம் போடலாம்.

அந்த அலுவலகத்துக்கு ஒரு புகார் போனால் என்ன நடக்கிறது? என் தரகர் கதையையே எடுத்துக்கொள்வோம். வக்கீல் தேவையில்லை, கட்டணம் இல்லை. சொல்வதைக் கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். வீட்டுக்காரருக்கு நோட்டீஸ் போகிறது. அவர் பக்கத்தையும் கேட்கிறார்கள். விசாரணை அதிகாரி யார் பக்கமும் சேராதவர். இடையில் எப்போது வேண்டுமானாலும் இரு தரப்பும் சமாதானமாகப் போகலாம், பல புகார்கள் அப்படித்தான் முடிகின்றன. போகாவிட்டால், பாகுபாடு நடந்ததென்று நம்ப நியாயமான காரணம் உண்டா இல்லையா என்று முடிவு சொல்கிறார்கள். உண்டு என்றால் மறுபடி ஒரு சமரச முயற்சி, அதற்கும் பிறகு நகர விசாரணை நடுவர் முன்னால் வழக்கு. யாரையும் சிறைக்கு அனுப்புவதில்லை. வீட்டைக் கொடு, அல்லது நஷ்டத்தைக் கொடு, இனிமேல் இப்படிச் செய்யாதே. புகார் கொடுத்தவரைப் பழிவாங்கினால் அதுவே தனியொரு குற்றச்சாட்டாகிவிடும்.

இதில் ஓட்டை எங்கே என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். மச்சானுக்குக் கொடுத்துவிட்டேன் என்று வீட்டுக்காரர் சொன்னால்? தனக்கு நடந்தது பாகுபாடு என்றே தெரியாதவர் எப்படிப் புகார் கொடுப்பார்? சிரித்த முகத்தோடு மறுக்கிற ஊரில் இதுதான் பெரிய சிக்கல்.

அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. ஆள் அனுப்பிப் பார்ப்பது. இரண்டு பேர். வயது, வருமானம், வேலை எல்லாம் கிட்டத்தட்ட ஒன்று. ஒருவர் கறுப்பர், ஒருவர் வெள்ளையர். அல்லது ஒருவர் சக்கர நாற்காலியில் வருகிறவர், ஒருவர் அப்படியல்லாதவர். ஒரே வீட்டை ஒருவர் பின் ஒருவராகப் போய்க் கேட்கிறார்கள். யாருக்கு வீடு காலி, யாருக்கு இல்லை? யாருக்கு வாடகை கூடிற்று? யாரிடம் மட்டும் கடன் வரலாறு கேட்டார்கள்? வெளியே வந்ததும் இருவரும் தனித்தனியே எழுதிக் கொடுக்கிறார்கள். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மச்சான் காணாமல் போய்விடுகிறார். சியாட்டில் அலுவலகம் இப்படிச் சோதித்துப் பார்த்து, யாரும் புகார் தராமலே தானாக வீட்டுக்காரர்கள் மீது நடவடிக்கை எடுத்திருக்கிறது.

இன்னொரு படி மேலே போனார்கள். தகுதியுள்ளவர்களில் முதலில் விண்ணப்பித்தவருக்கே வீடு தர வேண்டும் என்று 2016இல் ஒரு விதி. வீட்டுக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2019இல் மாநில உச்ச நீதிமன்றம் விதி செல்லும் என்றது. எனக்கே இதில் முழுச் சம்மதம் இல்லை. மாடியில் தனியாக இருக்கிற ஒரு கிழவி கீழ்வீட்டுக்கு யார் வரலாம் என்று யோசிப்பதை அப்படியே துவேஷம் என்று சொல்லிவிட முடியுமா? ஆனால் 'மனசுக்குப் பட்டது' என்பதன் உள்ளே என்னவெல்லாம் ஒளிந்திருக்கும் என்பதை நான் முருங்கை மரத்தடியில் பார்த்திருக்கிறேன்.

ஒப்பிட்டுப் பார்க்க, நியூயார்க் நகர ஆணையம் பற்றி ஒரு வார்த்தை. அதன் வேர் 1943 ஹார்லெம் கலவரத்தில் இருக்கிறது. மறு வருடம் மேயர் லகார்டியா ஒற்றுமைக் குழு ஒன்றைப் போட்டார். அது வளர்ந்து இன்றைய மனித உரிமை ஆணையமாயிற்று. சியாட்டிலைப் போல் வாயும் கையும் அங்கே பிரியவில்லை. வேண்டுமென்றே செய்த பாகுபாட்டுக்கு 2,50,000 டாலர் வரை அபராதம் போக முடியும். குவீன்ஸ் பகுதியில் ஒரு வீட்டுக்காரர் வாடகைத் தகராறில், குடியிருந்தவரைக் குடியேற்றத் துறையிடம் பிடித்துக் கொடுப்பேன் என்று மிரட்டினார். ஆணையம் வழக்கை எடுத்துக்கொண்டது. அபராதமும் இழப்பீடுமாக 17,000 டாலர் கட்டச் சொல்லி 2019இல் நிர்வாக நீதிபதி பரிந்துரைத்தார். வீட்டுக்காரர் தொட்டிருந்தது பயத்தை. ஆணையம் அந்தப் பயத்துக்கு ஒரு விலை போட்டது.

சரி, ஏன் சியாட்டில் என்பதற்கு வருகிறேன்.

2023 பிப்ரவரி 21ஆம் தேதி சியாட்டில் நகர மன்றம் தன் பாகுபாட்டுத் தடைச் சட்டத்தில் ஒரு சொல்லைச் சேர்த்தது. அந்தச் சொல் 'சாதி'. வேலையில், வீட்டில், பொது இடத்தில் சாதி பார்க்கக் கூடாது. ஆறு பேர் ஆதரவு, ஒருவர் எதிர்ப்பு. அமெரிக்காவில் ஒரு நகரம் இதைச் செய்தது அதுதான் முதல் தடவை. கொண்டுவந்தவர் அப்போது மன்ற உறுப்பினராக இருந்த க்ஷமா சாவந்த். மும்பையில் வளர்ந்தவர், பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர் என்று அவரே பேசியிருக்கிறார். பின்னால் நின்று பாடுபட்ட ஈக்குவாலிட்டி லேப்ஸ் அமைப்பைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் தேன்மொழி சௌந்தரராஜன். அமெரிக்காவில் பிறந்த தமிழ்த் தலித் பெண். நம்மில் சிலர் கடல் தாண்டும்போது மூட்டையில் எதைக் கட்டிக்கொண்டு போனோம் என்பதையும், அதை அவிழ்த்துக் காட்ட யார் வேண்டியிருந்தது என்பதையும் பாருங்கள்.

எதிர்த்தவர்கள் சொன்னதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஒரு சமூகத்தை மட்டும் குறிவைக்கிறது, இந்து என்றாலே சாதி பார்ப்பவன் என்று முத்திரை விழும், வம்சாவளி என்ற பிரிவுக்குள்ளேயே இது அடங்கிவிடுமே என்றார்கள். முதல் பயம் பொய்யான பயம் இல்லை. பெல்லிங்காமை மறக்கக் கூடாது. ஆனால் சட்டத்தின் வரையறை மதத்தின் பெயரையோ நாட்டின் பெயரையோ சொல்லவில்லை. பிறப்பால் ஒட்டிக்கொள்கிற படிநிலை என்றுதான் சொல்கிறது. அதே ஆண்டு செப்டம்பரில் கலிபோர்னியாவின் பிரெஸ்னோ நகரமும் சாதியைச் சேர்த்தது. மாநிலம் முழுமைக்குமான மசோதாவை மட்டும், இருக்கிற சட்டமே போதும் என்று சொல்லி ஆளுநர் நியூசம் அக்டோபரில் திருப்பி அனுப்பிவிட்டார். மாநிலம் தயங்கிய இடத்தில் நகரம் நடந்துவிட்டது.

இப்போது அந்த அலுவலகத்தின் விசாரணை அதிகாரியை நினைத்துப் பாருங்கள். அயோவாவிலோ ஓஹையோவிலோ பிறந்தவராக இருக்கலாம். நிறம் தெரியும், சக்கர நாற்காலி தெரியும். அவர் முன்னால் ஒரு தமிழர் உட்கார்ந்து, "என் மேலதிகாரி என்னிடம் எந்தத் தெரு என்று கேட்டார், அதற்குப் பிறகு எனக்கு நல்ல வேலை எதுவும் வரவில்லை" என்கிறார். அதிகாரிக்கு அது முகவரி விசாரிப்பு. முதுகில் தட்டிக்கொடுக்கிற சாக்கில் சட்டைக்குள் நூல் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது அவருக்கு நட்பு. "நீங்க சைவமா?" என்பது விருந்தோம்பல். சட்டத்தில் ஒரு சொல்லைச் சேர்க்க ஒரு பிற்பகல் போதும். அந்தச் சொல் எந்தெந்த வேஷத்தில் வரும் என்று ஓர் அலுவலகத்தின் காதுக்குப் பழக்க வருடங்கள் ஆகும். ஆணையத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று 1963இல் மறியல் செய்த பிள்ளைகள் கேட்டது இதைத்தான்.

நம் ஊருக்கு வருகிறேன். சட்டமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், தீண்டாமை காரணமாக ஒருவர் எந்தப் பகுதியில் குடியேறுவதையும் தடுப்பது குற்றம் என்று தெளிவாகச் சொல்கிறது. ஆனால் அது குற்றவியல் சட்டம். காவல் நிலையப் படியேற வேண்டும், முதல் தகவல் அறிக்கை பதிவாக வேண்டும், சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். "எந்தத் தெரு?" என்ற கேள்வியை வைத்துக்கொண்டு நீங்கள் எதை நிரூபிப்பீர்கள்? முஸ்லிம் என்பதற்காக, தனியாக வாழ்கிற பெண் என்பதற்காக வீடு மறுக்கப்பட்டவருக்கு அந்தக் கதவும் இல்லை. மாநில மனித உரிமை ஆணையம் 1997லிருந்து இருக்கிறது. அதன் சட்டப்படி அது பார்ப்பது அரசு ஊழியர் செய்த மீறல்களை. முருங்கை மரத்து வீட்டுக்காரர் அரசு ஊழியராக இருந்து, வாடகை பேசியது அலுவல் நேரத்தில் நடந்திருந்தால் ஒருவேளை பார்க்கலாம்!

சென்னை மாநகராட்சி 1688இல் தொடங்கியது. சியாட்டில் என்ற ஊர் உருவாவதற்கே அதன் பிறகு நூற்றறுபது வருடத்துக்கு மேல் ஆயிற்று. தெருவிளக்கு எரியவில்லை, குப்பை எடுக்கவில்லை என்றால் இன்று 1913 என்ற எண்ணை அழைக்கலாம். அழைத்திருக்கிறேன், குப்பை போயிருக்கிறது. அதே எண்ணில், "வீடு காலியாகத்தான் இருக்கிறது, எனக்கு மட்டும் இல்லை என்கிறார்கள்" என்று ஒருவர் சொல்ல முடிந்தால் என்ன என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. பெரிய அதிகாரம் எதுவும் வேண்டாம். சொன்னதைத் தேதி போட்டு எழுதிக்கொள்ள ஒருவர். வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கேட்க ஒருவர். சந்தேகம் வந்தால் வேறு வேறு பெயரோடு இரண்டு பேரை அதே கேட்டுக்கு அனுப்பிப் பார்க்க ஒரு சின்ன அறை.

சியாட்டில் அதிகாரிக்கு விளக்க வேண்டிய எதையும் இங்கே விளக்க வேண்டியிருக்காது. எந்த ஊர், எந்தப் பக்கம், எந்தத் தெரு என்றால் என்னவென்று புகாரை எழுதிக்கொள்கிற நம் ஊழியருக்கு முதல் வரியிலேயே புரிந்துவிடும். எழுதி முடித்துப் பேனாவை மூடும்போது, நிமிர்ந்து பார்த்து, "சரி, சாருக்கு எந்த ஊர்?" என்று அவர் கேட்காமல் இருக்க வேண்டும்.